டைகர் பார்ப் 3, நியான் 4, ஏஞ்சல் 2: எதை வெளியே எடுப்பது?

மாடித்தொட்டி (சென்னை)

வணக்கம். மீன் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். கணக்குப் போட்டால் 106 லிட்டர். மணலும் கல்லும் போக 90 லிட்டர் தண்ணீர் நிற்கும். நன்றாகப் பழகிய தொட்டிதான். சோதித்துப் பார்த்தால், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20-ஐத் தாண்டுவதில்லை. வாரந்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

உள்ளே இருப்பவை: டைகர் பார்ப் 3, பிளாக் விடோ டெட்ரா 2, நியான் டெட்ரா 4, ஏஞ்சல் 2, முத்து கௌராமி 2, கோரிடோரஸ் 1, சக்கர் 1, "ஷார்க்" என்று சொல்லிக் கொடுத்த சாம்பல் நிற மீன் 2.

ஏஞ்சலின் வயிற்றடியில் தொங்கும் நீளத் தூவிகள் பாதியாகிவிட்டன. கௌராமியின் மீசையும் குட்டையாகிவிட்டது. டைகர் பார்ப்களில் பெரியது மற்ற இரண்டையும் விரட்டுகிறது, அலுத்துப்போனால் ஏஞ்சல் பக்கம் திரும்புகிறது. நியான்கள் ஃபில்டருக்குப் பின்னால் போய் நிற்கின்றன. உணவு போடும்போது மட்டும் தலைகாட்டுகின்றன. கடையில் கேட்டால், "டைகர் ரவுடி மீன், எடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். எடுத்துவிட்டால் போதுமா?

கொளத்தூர்த்தண்ணீர் (சென்னை)

போதாது. டைகரை எடுத்தால் அடுத்த வாரம் பிளாக் விடோ அந்த வேலையைத் தொடங்கும். அதுவும் கடிக்கிற இனம்தான். இப்போது டைகருக்குப் பயந்து அடங்கியிருக்கிறது.

உங்கள் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பதினேழு மீன், எட்டு வகை. கல்யாணச் சீர்வரிசைத் தட்டு மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். உங்களைக் குறை சொல்லவில்லை, நம் ஊர்க் கடைகளில் விலைப்பலகையே ஜோடிக் கணக்கில்தான் இருக்கிறது. "ஜோடி இவ்வளவு" என்று எழுதியிருந்தால், வாங்குகிறவர் நியானில் ஒரு ஜோடி, டைகரில் ஒரு ஜோடி என்றுதான் கேட்பார். அந்த இரண்டும் ஆணும் பெண்ணுமா என்று கடைக்காரருக்கே தெரியாது. வலையில் எது வந்ததோ அதைப் பையில் போடுகிறார். நான் மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். இந்த ஜோடிக் கணக்கினால் எனக்கும் லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன், டைகர் பார்ப், நியான், கோரிடோரஸ் மூன்றுக்கும் ஜோடி என்ற கணக்கே பொருந்தாது.

டைகர் பார்ப் தங்களுக்குள் படிநிலை வைத்து வாழும் மீன். ஆணுக்கு மூக்கும் அடித்துடுப்பும் சிவந்திருக்கும். இரண்டு ஆண்கள் மோதும்போது பக்கவாட்டில் ஒட்டி, தலையைச் சற்றே கீழே சாய்த்து, ஒன்றை ஒன்று சுற்றும். கறுப்புப் பட்டைகள் அப்போது இன்னும் கறுக்கும். பத்து மீன் இருந்தால் இந்த விளையாட்டு நாள் முழுக்க நடக்கும், யாருக்கும் காயம் வராது. ஏனென்றால் துரத்தப்படுகிறவன் மாறிக்கொண்டே இருப்பான். மூன்றே இருந்தால் பெரியவனுக்கு எதிரில் நிற்க ஆளில்லை. கடைசியில் இருப்பவனுக்கு ஓய்வில்லை. மிச்சம் இருக்கும் வேகமெல்லாம் ஏஞ்சல் தூவியின் மேல் இறங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு உடனே இன்னும் ஏழு டைகர் வாங்கி அதே தொட்டியில் விட்டுவிடாதீர்கள். கூட்டம் பெருகினால் கடி குறையும், நிற்காது. நீளத் தூவி உள்ள மீனோடு டைகரை எத்தனை எண்ணிக்கையிலும் நான் வைக்க மாட்டேன்.

பழையகண்ணாடி (மதுரை)

நாற்பது வருடத்துக்கு மேலாக மீன் வளர்க்கிறேன். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி மக்கு வைத்து அடைத்த தொட்டிகளைப் பார்த்தவன். இரண்டே டைகர் பார்ப் வைத்து வருடக்கணக்கில் வளர்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. "ஆறுக்குக் குறையக் கூடாது, பத்துக்குக் குறையக் கூடாது" என்று இப்போது ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். இந்த எண்ணை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மீன் சாவதற்குப் பெரிய காரணம் நெரிசல். ஒவ்வொரு வகையிலும் பத்து வாங்கு என்று புதியவர்களுக்குச் சொன்னால் 2 அடித் தொட்டியில் ஐம்பது மீனைக் கொட்டுவார்கள். அம்மோனியா ஏறும், ஒரு வாரத்தில் எல்லாம் மிதக்கும். முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம்.

பொருநைக்கெண்டை (திருநெல்வேலி)

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. விலங்கியல் பாடம் எடுப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் படித்துறையில் பொரி போட்டிருப்பீர்கள். நூற்றுக்கணக்கில் வந்து மொய்க்கும். கைக்குழந்தை ஒன்று தண்ணீரை அடித்தால் அத்தனையும் ஒரே நொடியில் கலைந்து, சற்றுத் தள்ளி மறுபடி ஒன்றாகும். இந்தக் கூடலுக்குக் காரணம் பாசம் அல்ல, பயம். 1971-இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரையில் இதைக் கணிதமாகவே காட்டினார். வேட்டையாடும் மீன் எங்கிருந்தும் வரலாம் என்றால், ஒவ்வொரு மீனும் தனக்கும் வேட்டைக்காரனுக்கும் நடுவில் இன்னொரு மீன் இருக்கும்படி நகர்வதே அதற்கு லாபம். எல்லா மீனும் அப்படி நகர்ந்தால் கூட்டம் தானாக உண்டாகிவிடும். கூட்டத்தில் இருப்பதால் வேறு நன்மைகளும் உண்டு: ஆபத்தைப் பார்க்கக் கண்கள் அதிகம், ஒரே மாதிரி இருக்கும் பல உடல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது எதைப் பிடிப்பது என்று வேட்டைக்காரனுக்குக் குழம்பும். கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அதுதான் முதலில் பிடிபடும். அதனால்தான் இந்த மீன்கள் தன் இனத்தையே தேடுகின்றன. நான்கு நியானும் இரண்டு விடோவும் சேர்ந்து ஆறாகிவிடாது.

கெண்டை, டெட்ரா, கெளுத்தி இனங்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. தோல் கிழிந்தால் ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் கலக்கும். பக்கத்தில் இருக்கும் தன் இனத்து மீன்கள் அதை மோப்பம் பிடித்து ஒடுங்கும். கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் சிறு கெண்டைகளில் இதைக் கண்டார். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்தவர் என்று நாம் படித்த அதே ஃபிரிஷ்தான்.

இப்போது தொட்டிக்கு வருவோம். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் விரால் இல்லை, கொக்கு இல்லை. ஆனால் அது நியானுக்குத் தெரியாது. மூன்று கூட்டாளிகளோடு இருக்கும் நியான் நாள் முழுக்க ஆபத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். ஃபில்டருக்குப் பின்னால் நிற்பது அதனால்தான்.

எண்ணிக்கையைச் சோதித்தவர்களும் உண்டு. 2010-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று நியான், ஒயிட் கிளவுட், ஏஞ்சல், டைகர் பார்ப் ஆகிய நான்கையும் 1, 2, 5, 10 என்ற எண்ணிக்கைகளில் வைத்துப் பார்த்தது. நியானும் ஒயிட் கிளவுடும் பத்தாக இருந்தபோது கூடி நீந்துவது கூடியது, சண்டை குறைந்தது. ஆக, எண்ணெல்லாம் காற்றில் பிடித்தது அல்ல. "ஆறு" என்பது மட்டும் நடைமுறைக்காக வைத்துக்கொண்ட ஒரு கீழ் எல்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அதிசயம் ஏதும் நிகழ்வதில்லை.

ஐயாவின் இரண்டு டைகர் வருடக்கணக்கில் வாழ்ந்ததை நம்புகிறேன். சாகாமல் இருப்பதும் இயல்பாக இருப்பதும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி.

பழையகண்ணாடி (மதுரை)

என் இரண்டு மீனும் நன்றாகத் தின்றன, நன்றாக வளர்ந்தன. இயல்பாக இருந்ததா என்று அவற்றிடம் நான் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெரிசல் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பாசிமடி (கோயம்புத்தூர்)

நான் சொல்கிறேன் ஐயா. யாரும் மீனைக் கூட்டச் சொல்லவில்லை, வகையைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள். பதினேழு மீன் பதினேழாகவே இருக்கட்டும். எட்டு வகைக்குப் பதில் இரண்டு வகை. கழிவு அதிகமாகாது, ஃபில்டருக்குச் சுமையும் ஏறாது. உண்மையில் உங்கள் பக்கத்து வாதமும் எங்கள் பக்கத்து வாதமும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

என் வீட்டில் செடித்தொட்டி, ரம்மிநோஸ் டெட்ரா கூட்டம். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது என்பதால் அவற்றுக்குச் சுகம். இந்த மீனிடம் ஒரு வசதி இருக்கிறது: மனநிலையை முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். விளக்குப் போட்டவுடன் மூக்கு வெளிறியிருக்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஏறி, செவுள் தாண்டிப் பரவும். தண்ணீரில் ஏதாவது கோளாறு என்றாலும் அந்தச் சிவப்புதான் முதலில் இறங்கும். ஆறாக இருந்தபோது அவை ஆளுக்கொரு செடிக்கடியில் நின்றன. இருபதை நெருங்கிய பிறகுதான் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்பத் தொடங்கின. டெட்ராக்களில் இதைவிட இறுக்கமாகக் கூடுகிறவை குறைவு. அதனால் "எல்லா டெட்ராவுக்கும் ஆறு" என்று ஒரே எண்ணைச் சொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை.

மாடித்தொட்டி அவர்களே, உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த ஒற்றைக் கோரிடோரஸ். எல்லோரும் அதை "அடியில் கிடக்கும் மிச்சத்தைத் தின்னும்" என்று கூலி ஆளாக வாங்குகிறார்கள். ஒரே இனத்தில் ஆறு விட்டுப் பாருங்கள். மணலில் மூக்கைப் புதைத்து அடியோடு நகரும். ஒன்று நின்றால் பக்கத்தில் இருப்பது வந்து தன் மீசையால் அதன் விலாவைத் தொடும். உடனே இரண்டும் கிளம்பும். இந்த மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும் என்பது தெரிந்திருக்கும். கூட்டமாக இருந்தால் அதையும் சேர்ந்தே செய்யும்: ஒன்று மேலே பாய்ந்தால் பின்னாலேயே இரண்டு மூன்று பாயும். மேற்பரப்புதான் பறவையிடம் அகப்படும் இடம், அங்கே தனியாகப் போக அவற்றுக்குத் துணிவில்லை. தனியாக இருக்கும் கோரிடோரஸ் ஒரு மூலையில் கிடக்கும். நாமும் "இது சோம்பேறி மீன்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

வெண்கல நிறத்தில் மூன்று, பாண்டாவில் மூன்று என்று கலக்காதீர்கள். ஒரே இனமாக வாங்குங்கள். பாண்டா குளிர்ந்த தண்ணீர் கேட்கும், சென்னை வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். வெண்கலம் தாக்குப்பிடிக்கும். கூரான சரளைக்கல் இருந்தால் எடுத்துவிட்டு மென்மையான மணல் போடுங்கள், மீசை தேய்ந்துவிடும்.

புதுக்குப்பி (திருச்சி)

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் 1½ அடித் தொட்டிதான். கப்பி ஒரு ஜோடி, ஃபைட்டர் ஒரு ஜோடி வாங்கலாம் என்று இருக்கிறேன். இவற்றுக்கும் கூட்டம் வேண்டுமா?

கொளத்தூர்த்தண்ணீர் (சென்னை)

தம்பி, ஃபைட்டர் ஜோடியைச் சேர்த்து விட்டால் ஆண் பெண்ணைக் கிழித்துவிடும். ஃபைட்டர் ஆண் ஒன்றே ஒன்று, தனியாக. கப்பியோடும் சேர்க்காதே. கப்பியின் வாலைப் பார்த்து இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று நினைத்துக்கொள்ளும்.

கப்பியில் ஒரு ஜோடி என்றால் அந்த ஒரு பெண்ணை ஆண் நிற்கவிடாது. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். பெண் கப்பி விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்திருக்கும் என்பதால் ஆணை எடுத்துவிட்டாலும் குட்டி வந்துகொண்டே இருக்கும். 1½ அடித் தொட்டிக்கு என் யோசனை: ஆண் கப்பி மட்டும் ஆறு. நிறமும் அவற்றுக்குத்தான். பெண்ணே இல்லாத இடத்தில் சண்டையும் பெரிதாக இருக்காது.

களனிக்கரை (கொழும்பு)

வணக்கம். இங்கே ஒரு கோணம் விடுபட்டுப் போகிறது. எல்லாக் கூட்ட மீனும் ரம்மிநோஸ் மாதிரி அணிவகுக்காது. எங்கள் நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்ட மீன். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், மர நிழல் விழும் ஆழமில்லாத ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு மேல் திரிகிறது. அங்கே போய்ப் பார்த்தால் இறுக்கமான கூட்டம் எதுவும் தெரியாது. இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று பரவி மேயும். ஆண்கள் ஆளுக்குக் கொஞ்சம் இடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து ஆண் வந்தால் சிவப்பைக் கூட்டிக்கொண்டு எதிரில் நிற்கும். கலவரப்படுத்தினால் மட்டும் ஒன்றாகும்.

ஆகவே, "என் மீன் கூட்டமாக நீந்தவில்லையே, எண்ணிக்கை போதவில்லையா" என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் எந்த மீன் என்று பார்க்க வேண்டும். சில இனங்கள் இறுக்கமாகக் கூடினால் அது பயந்திருக்கிறது என்று பொருள். புதிதாகக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு எல்லாம் ஒரே பந்தாக நிற்பதைப் பார்த்து, "எவ்வளவு அழகாகக் கூடுகிறது" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். பழகிய பிறகு அவை பிரிந்து மேயும். அதுதான் நிம்மதியின் அடையாளம்.

செர்ரி பார்ப்பில் எண்ணிக்கையைவிட விகிதம் முக்கியம். கடைகளில் சிவப்பாக இருப்பதால் ஆணையே பொறுக்கி வாங்குவார்கள். எட்டு வாங்கினால் ஐந்து பெண் இருக்கட்டும். பெண் வெளிறிய பழுப்புதான். ஆனால் பெண் இருந்தால்தான் ஆண் அந்தச் சிவப்பைக் காட்டும்.

செங்கணியான் (பாலக்காடு)

"ஜோடி வேண்டாம், கூட்டமாக வாங்குங்கள்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஒரு கசப்பையும் கேளுங்கள்.

என் பெயரிலேயே இருக்கிறது. செங்கணியான் என்று மலையாளத்தில் சொல்லும் மீனை நீங்கள் மிஸ் கேரளா என்றோ டெனிசன் பார்ப் என்றோ அறிவீர்கள். 1865-இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதற்குப் பிறகு ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இப்போது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் நிலையில் உள்ள இனம். இதற்கும் "ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள்" என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு வாங்கிய இடத்தில் ஆளுக்கு ஆறு வாங்கினால் அறுபது மீன். அந்த அறுபதும் எங்கிருந்து வரும்?

பாசிமடி (கோயம்புத்தூர்)

சரியான கேள்வி. ஆனால் விடை, குறைவாக வாங்கி அவற்றைத் தனிமையில் வாட வைப்பது அல்ல. செங்கணியான் 15 செ.மீ. வரை வளரும், ஓடும் தண்ணீரும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும். ஆறு வைக்க 4 அடித் தொட்டியாவது வேண்டும். அது இல்லாதவர் வாங்கவே கூடாது. இருப்பவர் பண்ணையில் குஞ்சு பொரித்ததா என்று கேட்டு வாங்கட்டும். இப்போது அப்படிப்பட்டவை கிடைக்கின்றன.

பொருநைக்கெண்டை (திருநெல்வேலி)

இதிலும் மீனுக்கு மீன் கணக்கு மாறும். நியான் கிட்டத்தட்ட முழுவதும் பண்ணையில் பிறந்தது. நாம் நூறு வாங்கினாலும் அமேசானில் ஒன்று குறையாது. அதன் உறவான கார்டினல் டெட்ரா பிரேசிலின் ரியோ நெக்ரோவில், பார்செலோஸ் ஊரைச் சுற்றி இன்றும் காட்டிலிருந்தே பிடிக்கப்படுகிறது. அங்கே அந்தப் பிழைப்பு இருப்பதால்தான் மக்கள் காட்டை வெட்டாமல் விடுகிறார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. கார்டினலுக்கு வெள்ளக்காட்டின் பரப்பு பெரிது, பெருக்கமும் வேகமானது. செங்கணியானுக்கு அந்தச் சலுகை இல்லை, இருப்பது சில ஆறுகளின் சில மடுக்கள். எங்கள் தாமிரபரணிக்கே உரிய கெண்டை ஒன்று இருக்கிறது, அதுவும் அழியும் பட்டியலில்தான். அதை யாராவது "அபூர்வ வரவு" என்று விற்றால் எத்தனை என்ற கேள்விக்கே போகாதீர்கள்.

மாடித்தொட்டி (சென்னை)

அனைவருக்கும் நன்றி. ஓரளவு புரிகிறது. ஆனால் எல்லா மீனுக்கும் கூட்டம்தான் மருந்து என்றால், ஏஞ்சலும் பத்து வேண்டுமா? அந்த "ஷார்க்" இரண்டையும் என்ன செய்வது?

கொளத்தூர்த்தண்ணீர் (சென்னை)

ஏஞ்சல் சிக்லிட் குடும்பம். குட்டியில் கூட்டமாக இருக்கும். ஆறு குட்டி வாங்கி வளர்த்தால் அவற்றில் இரண்டு தாமாக ஜோடி சேரும். சேர்ந்த அன்றிலிருந்து தொட்டியில் பாதி அவற்றுக்குச் சொந்தம். மற்ற நாலும் மேல் மூலையில் ஒடுங்கி நிற்கும். அப்போது அந்த நாலையும் எடுத்துவிட வேண்டும். உங்கள் இரண்டும் அடித்துக்கொள்ளவில்லை என்றால் அப்படியே விடுங்கள்.

சிக்லிட்டில் தலைகீழ் கணக்கும் உண்டு. மலாவி ஏரியின் பாறை மீன்களை நாலைந்து வைத்தால் பலவீனமானது செத்துவிடும். நிறைய வைத்து, ஒரு ஆணுக்குப் பல பெண் என்று வைத்தால் அடி பங்கு பிரிந்து யாருக்கும் பெரிதாகப் படாது. அதற்குப் பெரிய தொட்டி, பெரிய ஃபில்டர், விடாத தண்ணீர் மாற்றம் மூன்றும் வேண்டும். புதியவர்கள் இறங்க வேண்டாம். ஃபிளவர்ஹார்னுக்கு எண்ணிக்கை ஒன்று, அதற்கு மேல் பேச்சில்லை.

"ஷார்க்" என்றீர்களே, மீசை இருக்கிறதா? செதில் இருக்கிறதா? துடுப்பு ஓரத்தில் கறுப்புக் கரை உண்டா?

மாடித்தொட்டி (சென்னை)

மீசை இருக்கிறது. செதில் தெரியவில்லை, வழவழப்பாக இருக்கிறது. கறுப்புக் கரை இல்லை. கதவைச் சாத்தினால் கண்ணாடியில் போய் முட்டிக்கொள்கிறது.

கொளத்தூர்த்தண்ணீர் (சென்னை)

அப்படியானால் அது பங்காசியஸ். மீன் அங்காடியில் துண்டு போட்டு விற்கும் அதே மீன். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். அதுவும் கூட்ட மீன்தான், அதனால்தான் முட்டிக்கொள்கிறது. ஆனால் அதற்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்கக் குளம் வேண்டும். உங்கள் 3 அடியில் ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். கறுப்புக் கரை உள்ள சில்வர் ஷார்க் என்றாலும் 35 செ.மீ. வரை போகும், அதற்கும் இதே பதில்தான்.

கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். சக்கர் மீனை அப்படி விட்டு விட்டுத்தான் இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் சக்கராக ஏறுகிறது.

பழையகண்ணாடி (மதுரை)

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், வேறு சொற்களில். மீனின் முழு வளர்ச்சி எவ்வளவு, அதற்கு இடம் இருக்கிறதா, பிறகு எண்ணிக்கை. இந்த வரிசை மாறக் கூடாது. "ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன்" என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. அதன்படி ஓர் அடி நீள ஆஸ்கார் மீனை 45 லிட்டரில் வைக்கலாம். அது திரும்பவே முடியாது! சிறிய, மெலிந்த மீனுக்கு மட்டும் அந்தச் சூத்திரம் ஓரளவு ஒத்துவரும்.

பாசிமடி அம்மா சொன்ன வழியை ஏற்கிறேன். வகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும், ஆக்சிஜன் குறையும். அந்த மாதத்தில் மின்சாரம் போனால் முதலில் சாவது நிறைந்த தொட்டிதான். பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இருபது மீன் தாங்கும் தொட்டியில் பதினைந்தே விடுங்கள்.

பாசிமடி (கோயம்புத்தூர்)

அதில் மாற்றுக்கருத்தே இல்லை ஐயா.

மாடித்தொட்டி, இனி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கின்றன. ஒன்று டைகர் தொட்டி: டைகர் பத்து, வெண்கலக் கோரிடோரஸ் ஆறு, வேறெதுவும் இல்லை. இன்னொன்று ஏஞ்சல் தொட்டி: ஏஞ்சல் இரண்டு, ரம்மிநோஸ் பத்து, கோரிடோரஸ் ஆறு. இரண்டாவதில் நியான் வேண்டாம். ஏஞ்சல் முழு வளர்ச்சி அடைந்ததும் நியான் அதன் வாய்க்குச் சரியாகப் போய்விடும், ஒரு காலையில் எண்ணினால் குறையும். ரம்மிநோஸ் சற்று நீளம், வேகமும் உண்டு. கௌராமி இரண்டும் ஏஞ்சலோடு இருக்கலாம், ஆனால் நெரிசல் கணக்கில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் மிகக் கடினமானது என்றால் ரம்மிநோஸ் சிரமப்படும், டைகர் தொட்டியே மேல்.

மாடித்தொட்டி (சென்னை)

வீட்டில் பேசினோம். மகள் ஏஞ்சலை விட மாட்டேன் என்கிறாள், பெயரெல்லாம் வைத்துவிட்டாள். ஆகவே ஏஞ்சல் தொட்டி. தண்ணீர் கலந்துதான் ஊற்றுகிறேன், பாதி வடிகட்டியது, அதனால் கடினம் குறைவு. பங்காசியஸ் இரண்டையும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், காசு கிடையாதாம், பரவாயில்லை. நியான் நான்கை அலுவலக நண்பர் கேட்கிறார், அவரிடம் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கிறது. கௌராமியை வைத்துக்கொள்கிறேன், ரம்மிநோஸை எட்டாகக் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம். ரம்மிநோஸை இரண்டு இரண்டாக வாங்கிச் சேர்க்கலாமா, ஒரே நாளில் விட வேண்டுமா? டைகர் மூன்றையும் விடோ இரண்டையும் யாராவது எடுத்துக்கொள்வீர்களா?

பாசிமடி (கோயம்புத்தூர்)

இரண்டு இரண்டாக வேண்டாம், அந்த முதல் இரண்டு மூலையில் கிடந்து மெலியும். முதலில் போக வேண்டிய மீனெல்லாம் போகட்டும். பிறகு எட்டையும் ஒன்றாக வாங்கித் தனித்தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு ஒன்றாக மாற்றுங்கள். தனித்தொட்டிக்குப் பழைய ஃபில்டரிலிருந்து பாதிப் பஞ்சை வெட்டிப் போட்டால் அம்மோனியா ஏறாது. கோரிடோரஸ் ஐந்தை அதற்கு அடுத்த மாதம் வாங்குங்கள். இருக்கும் ஒன்று எந்த இனம் என்று படம் எடுத்துப் போட்டால் அதே இனத்தைச் சொல்கிறேன்.

கொளத்தூர்த்தண்ணீர் (சென்னை)

டைகரை நான் எடுத்துக்கொள்கிறேன். 4 அடித் தொட்டியில் முப்பது ஓடுகிறது, உங்கள் ரவுடி அங்கே வந்தால் இடம் தெரிந்துகொள்வான். விடோவையும் கொண்டு வாருங்கள், என்னிடம் பதினைந்து இருக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் உணவு போடாதீர்கள், பைத் தண்ணீர் கெட்டுவிடும். டைகரையும் விடோவையும் தனித்தனிப் பையில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சந்தை நாள், தெருவில் நடக்க இடமிருக்காது. சனிக்கிழமை மாலை வாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

அந்தச் சக்கர் மீனையும் பையில் போட்டுக் கொண்டு வந்துவிடாதீர்கள். ஏற்கெனவே இப்படி வந்து சேர்ந்தவை ஒரு சிமெண்ட் தொட்டி நிறைய இருக்கின்றன.